மீசை முளைத்த மயில்

கோயம்புத்தூரில் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர், வந்த பணத்தில் கொஞ்சம் ஒதுக்கி ஸ்க்ரோல் சா வாங்கினார். பார்க்கத் தையல் மெஷின் போலத்தான் இருக்கும். ஊசி இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து அங்குல நீளத்துக்கு ஒரு மெல்லிய ரம்பம் மேலும் கீழும் ஓடும். மாடிப்படிக்குக் கீழே ஒரு ஸ்டூல், ஒரு விளக்கு, பட்டறை தயார். முதல் வேலையாகத் தோகை விரித்த மயிலை எடுத்துக்கொண்டார். ஒரு யானையில் தொடங்கியிருக்கலாம். யார் சொல்லி யார் கேட்பது?

தோகையில் 112 கண்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு துளை போட்டு, ரம்பத்தின் ஒரு முனையைக் கழற்றி, துளைக்குள் நுழைத்து, மறுபடி மாட்டி, இழுத்து முறுக்கி, அறுத்து, திரும்பவும் கழற்ற வேண்டும். பத்தே நாளில் முடித்துவிட்டார்.

"ஏனுங்க, இனி செவுத்துல மாட்டிப் போடலாங்களா?" என்றார் மனைவி.

"பாலிஷ் மட்டும் பாக்கி. ஞாயித்துக்கிழமை முடிஞ்சிடும்."

எந்த ஞாயிற்றுக்கிழமை என்று அந்த அம்மாள் கேட்டு வைத்திருக்கலாம்.

பிளைவுட்டின் மேல் ஒட்டிய படத்தாளை உரித்தார். தாள் வந்தது, பசை வரவில்லை. கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத்தான் பசை மிச்சமிருந்தது. ஆனால் சாயத்துக்கு அது தெரிந்துவிட்டது. தேக்கு நிறம் பூசியதும், பசை இருந்த இடமெல்லாம் நிறம் ஏறாமல் தேமல் விழுந்தது போல வெளுத்து நின்றது. தின்னரால் துடைத்து, மொத்தத்தையும் உப்புத்தாளால் தேய்த்து முதலிலிருந்து ஆரம்பித்தார்.

அப்போதுதான் மயிலைத் திருப்பினார். ரம்பத்தின் பற்கள் கீழ்நோக்கி வெட்டுபவை. வெளியேறும் இடத்தில் மர நாரைப் பிய்த்துக்கொண்டு போகும். பின்பக்கம் 112 கண்ணுக்கும் மீசை முளைத்திருந்தது. இதற்கென்றே, அடிமுனையில் மட்டும் சில பற்கள் மேல்நோக்கித் திரும்பியிருக்கும் ரம்பம் விற்கிறார்கள். அப்படி ஒன்று இருப்பது அறுத்து முடித்த பிறகுதான் அவருக்குத் தெரிய வந்தது.

உப்புத்தாளில் 120, 180, 220 என்று நம்பர் கூடக் கூடத் தாள் நைசாகும். சமதளத்துக்கு இது போதும். கண்ணுக்குள் விரலே போகாதே! தாளை நாடா நாடாவாகக் கிழித்து, முதுகில் செலோடேப் ஒட்டிப் பலப்படுத்தி, காது குடைவது போல ஒவ்வொரு கண்ணாகக் குடைந்தார். மகள் நகம் தேய்க்கும் பட்டை காணாமல் போனது. அழுத்தம் கூடியதில் இரண்டு இறகு நுனிகளும் போயின.

ஒருவழியாக வார்னிஷ். பிரஷ்ஷை நன்றாகத் தோய்த்துத் தாராளமாகப் பூசினார். சின்னச் சின்ன ஓட்டைகளில் வார்னிஷ் சோப்புக் குமிழி போலப் படலம் கட்டும். காலையில் பார்த்தால் மயிலுக்குக் கண்புரை.

பக்கத்துத் தெரு ஆசாரியை அழைத்து வந்தார். ஆசாரி முன்பக்கத்தை ஏறிட்டும் பார்க்கவில்லை. மயிலைக் கவிழ்த்து, பின்பக்கம் கட்டை விரலை ஓட்டினார்.

"ஏனுங்க சார், இது மயிலுங்களா, முள்ளம்பன்றிங்களா?"

இண்டு இடுக்கான வேலைக்குப் பிரஷ் ஆகாது என்பது அவர் தீர்ப்பு. ஒன்று, அரக்குப் பாலிஷை மெல்லிசாக ஸ்பிரே செய்ய வேண்டும். அல்லது லின்சீட் எண்ணெயில் முக்கி எடுத்துத் துடைக்க வேண்டும்.

அரக்கு என்பது புரசு, இலந்தை மரங்களில் ஒட்டி வாழும் ஒரு பூச்சி சுரக்கும் பிசின். ஜார்க்கண்டில் நிறைய எடுக்கிறார்கள். ஸ்பிரிட்டில் கரைத்தால் பாலிஷ். வினைல் வருவதற்கு முன், 78 சுற்றுக் கிராமபோன் தட்டுகளையும் இதை வைத்துத்தான் செய்தார்கள். இவ்வளவையும் நம்மவர் ஆசையாக எடுத்துச் சொன்னபோது, மனைவிக்கு ஞாபகம் வந்தது பாண்டவர்களின் அரக்கு மாளிகை. "நெருப்புப் புடிக்கிற சமாச்சாரமெல்லாம் ஊட்டுக்குள்ள வேண்டாமுங்க."

எண்ணெயே முடிவாயிற்று. பூசிய வார்னிஷை எடுத்துவிட்டு, கல்யாணச் சீரில் வந்த எவர்சில்வர் தாம்பாளத்தில் எண்ணெயை ஊற்றி, மயிலைக் குளிப்பாட்டி, வடியவிட்டு, பழைய பனியனால் துடைத்தார். மரத்தின் ரேகைகள் எழும்பி வந்தன. அந்த ஒரு நிமிடத்துக்காக ஏழு வாரமும் தகும் என்று அவருக்குத் தோன்றியது. பனியனைச் சுருட்டி மூலையில் எறிந்தார்.

ஆசாரி பாய்ந்து போய் அதை எடுத்தார். மாளிகைக் கதை அரக்கைப் பற்றியதுதான். ஆனால் தானாகப் பற்றிக்கொள்வது இந்த எண்ணெய். ஸ்பிரிட் ஆவியாகிவிட்டால் அரக்குப் பாலிஷ் காய்ந்தது. லின்சீட் எண்ணெய் அப்படி ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது, இறுகும்போது சூடாகிறது. விரித்த துணியில் சூடு வெளியேறிவிடும். சுருட்டிய துணியில் உள்ளேயே ஏறி ஏறி, தீக்குச்சி இல்லாமலே தீப்பிடிக்கும். 1991 பிப்ரவரி 23-ல் அமெரிக்காவின் பிலடெல்ஃபியாவில், ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டடம் எரிந்தது இப்படித்தான். மரப்பலகைகளுக்கு மெருகேற்றியவர்கள் 22-வது மாடியில் விட்டுப்போன எண்ணெய்த் துணியில் தொடங்கிய தீ, 30-வது மாடியில்தான் நின்றது. மூன்று தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்தார்கள்.

மயில் இப்போது ஹாலில், முகம் காட்டி, முதுகை மறைத்துத் தொங்குகிறது. தாம்பாளம் பூஜைக்கு ஆகாதென்று ஒதுக்கப்பட்டுவிட்டது. உங்கள் வீட்டிலும் லின்சீட் எண்ணெய் துடைத்த துணி எங்காவது சுருண்டு கிடந்தால், பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டு, முதலில் அதை வெளியே கொண்டுபோய் விரித்துப் போடுங்கள்.