சர்க்கரைக் கணக்கர்

மனைவிக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்த சமயத்தில் தாமும் பணி ஓய்வு பெற்றுவிட்ட தமிழ்நாட்டு நடுத்தர வர்க்கக் கணவர்களிடையே அண்மைக் காலத்தில் உருவாகியிருக்கும் ஒரு வகையினரைச் சர்க்கரைக் கணக்கர் என்று குறிப்பிடலாம். அலுவலக வருகைப் பதிவேட்டில் பிறர் தாமதத்தைச் சிவப்பு மையால் வட்டமிட்டே பழகிய இவர் கையில், விரலில் எடுத்த ஒரு சொட்டு இரத்தத்தைக் கொண்டு குளுக்கோஸ் அளவைச் சில நொடிகளில் காட்டும் குளுக்கோமீட்டர் என்ற கருவி வந்து சேர்கிறது. நோய் மனைவியுடையது, கருவியும் குறிப்பேடும் சிவப்புப் பேனாவும் இவருடையவை.

திங்கட்கிழமைதோறும் காலை ஆறு மணிக்கு, டிகாக்ஷன் இறங்குவதற்குள், "கையை நீட்டு" என்ற ஆணை பிறக்கும். ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்த வேகத்திலேயே மூடிவிடுவார். ஈரக்காற்று பட்டால் ஸ்ட்ரிப்பில் பூசியுள்ள நொதி கெட்டுவிடும் என்பதால் இதில் அவரைக் குறைகூற இயலாது. ஆனால் வலி குறைவான விரலோரத்தை விட்டுவிட்டு, லான்செட் எனும் சிற்றூசியை நுனியின் நட்டநடுவில் இறக்குவதும், சொட்டு வரத் தாமதித்தால் திசுநீரும் கலந்து அளவு பிசகுமளவுக்கு விரலைப் பிதுக்குவதும் அவருடைய சொந்த முறைகள். கருவி ஐந்து, நான்கு என்று இறங்கிவரும்போது அவரும் உரக்க எண்ணுவார்.

வெறும் வயிற்றில் டெசிலிட்டருக்கு 80 முதல் 130 மில்லிகிராம் வரை என்பது பெரும்பாலான நீரிழிவு நோயாளிகளுக்குச் சொல்லப்படும் இலக்கு. 134 வந்தால் அவர் நம்பமாட்டார். உடனே இன்னொரு விரல், இன்னொரு ஸ்ட்ரிப். இரண்டாவது முறை 146 வந்தால் சந்தேகம் கருவியிலிருந்து மனைவிக்கு மாறும். வீட்டுக் கருவிகளுக்கான பன்னாட்டுத் தரவிதி 100-க்கு மேற்பட்ட அளவுகளில் 15 விழுக்காடு வரை முன்பின்னாக இருக்க இடம் தருகிறது. குறிப்பேட்டில் அத்தகைய சலுகை கிடையாது. ஒரு சித்திரை மாத மாலையில், பேரனுக்கு மாம்பழம் நறுக்கிக்கொண்டிருந்தவரின் விரலைத் துடைக்காமல் குத்தியதில் 251 வந்தது. விரலில் ஒட்டிய பழச்சாறும் குளுக்கோஸாகவே கணக்கில் ஏறும் என்பதறியாத அவர் விசாரணையைத் தொடங்கிவிட்டார். அம்மையார் எழுந்துபோய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவிவந்து மறுபடி நீட்டியபோது 148. 251 இன்றளவும் அடிக்கப்படவில்லை.

எண் தகவலாக மட்டும் இருந்தால் மருத்துவர் அதை வைத்து மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ முடியும்; குற்றப்பத்திரிகையாக மாறினால் வீட்டில் வேறொரு சாமர்த்தியம் வளரும். திங்கட்கிழமைப் பரிசோதனைக்காக ஞாயிறு இரவு ஒரே ஒரு இட்லியோடு எழுந்துவிடுகிறார் அம்மையார், குறிப்பேடு அழகாகிறது. சிவப்பணுக்களின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள் என்பதால் கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைச் சொல்லிவிடும் எச்பிஏ1சி பரிசோதனையில்தான் மற்ற ஆறு இரவுகளும் வெளிவருகின்றன. கணக்கர் தம் விரலை ஒருமுறையும் குத்திப் பார்த்ததில்லை. தமக்கு "பார்டர்தான்" என்பது அவருடைய சுயமதிப்பீடு.

வெளிநாட்டிலிருக்கும் மகள் அனுப்பும் சென்சார், அதாவது மேற்கையில் ஒட்டிவைத்தால் தோலடித் திசுநீரின் குளுக்கோஸை இரவும் பகலும் செல்பேசிக்கு அனுப்பும் வில்லை, வந்ததும் அவர் பதவி உயர்வு பெற்றவராகிறார். அந்தக் கைமேல் ஒருக்களித்துப் படுத்தால் அழுத்தத்தால் அளவு பொய்யாகக் குறைந்து காட்டும். நள்ளிரவு இரண்டு மணிக்கு 58 என்று செல்பேசி அலற, விரலில் குத்திச் சரிபார்க்காமலே நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தவரை எழுப்பி மூன்று கரண்டிச் சர்க்கரை கரைத்த நீரைப் புகட்டிவிட்டு, கால் மணி நேரம் கழித்துக் குளுக்கோமீட்டரில் பார்த்தால் 174. குறிப்பேட்டின் காரணக் கட்டத்தில் அவர் சிவப்பு மையில் எழுதினார்: இரவில் இனிப்பு உட்கொண்டமை.