பன்னிரண்டுக்கு நடை சாத்திவிடுவார்கள்!

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் காஞ்சிபுரத்தில் எத்தனை கோயில் பார்க்கலாம்? (தாம்பரம் வாசகர்)

பதில்: பார்ப்பதென்றால் நாலு. எண்ணுவதென்றால் நாற்பது.

கேள்வி: சரி, அந்த நாலையும் எந்த வரிசையில் பார்ப்பது? (அவரே, விடவில்லை!)

பதில்: முதலில் கைலாசநாதர். ராஜசிம்ம பல்லவன் 1,300 வருடங்களுக்கு முன்பு மணற்கல்லில் கட்டியது. காலை வெயில் சாய்வாக விழும்போதுதான் அந்தத் தூண் சிங்கங்களுக்கு மீசை முளைக்கும். சுற்றுச்சுவரை ஒட்டி 58 குட்டி சன்னதிகள் இருக்கின்றன. அவசரப்படாமல் எட்டிப் பார்த்தால் ஒன்றிரண்டில் பல்லவர் கால வண்ணம் இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பது தெரியும். கருவறையைச் சுற்றிவரத் தவழ்ந்துதான் நுழையவேண்டும். காலை டிபனை அதற்கப்புறம் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

அடுத்து ஏகாம்பரநாதர், அப்படியே காமாட்சி. பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கெல்லாம் நடை சாத்திவிடுவார்கள். மறுபடி திறக்க நாலு மணி ஆகும். சென்னையிலிருந்து சாவகாசமாகப் பதினொன்றரைக்கு வந்து இறங்குகிறவர்கள் பார்ப்பது பெரும்பாலும் கதவைத்தான். வேலைப்பாடு நன்றாகவே இருக்கும். சாயங்காலத்தைச் சின்ன காஞ்சிபுரம் வரதராஜருக்கு ஒதுக்குங்கள். இருட்டுவதற்குள் நூற்றுக்கால் மண்டபத்து மூலையில் தொங்கும் கல் சங்கிலியைப் பார்த்துவிடவேண்டும்.

கேள்வி: அப்போ நடுவில் அந்த நாலு மணி நேரம்? வெயிலில் வேகவா? (வேலூர் வாசகி)

பதில்: அது தறிக்கான நேரம் அம்மா. பிள்ளையார்பாளையம் பக்கம் போங்கள். தெரிந்தவர் மூலமாகவோ கூட்டுறவு சங்கத்தில் கேட்டோ போனால் நல்லது. நீங்கள் நுழைவது ஒருவர் வீட்டுக்கூடம். செருப்பைக் கழற்றிவிட்டு, கேட்டுவிட்டு போட்டோ எடுங்கள்.

குழித்தறியில் நெசவாளர் குழிக்குள் காலைத் தொங்கவிட்டு, மிதிபலகையை மிதித்தபடி உட்கார்ந்திருப்பார். நெய்வது கோர்வைச் சேலையாக இருந்தால் பக்கத்திலேயே இன்னொரு ஆளும் இருப்பார். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் என்பதால் மூன்று நாடாக்கள் ஓடும். ஒவ்வொரு ஊடையிலும் உடல் நூலும் கரை நூலும் எல்லையில் ஒன்றையொன்று கொக்கி போட்டுக்கொண்டு திரும்பவேண்டும். ஒருவர் கை அசந்தால் இருவர் வேலையும் நிற்கும். ஐந்து நிமிடம் நின்று பாருங்கள், துணி ஒரு விரலகலம்கூட ஏறியிருக்காது. அதைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போனால் பேரம் பேச வாய் வராது. அதனால் சிக்கனக்காரர்கள் முதலில் கடைக்கும் அப்புறம் தறிக்கும் போகலாம்!

கேள்வி: ஆட்டோக்காரர் "நெசவு காட்டுறேன் வாங்க" என்று கூப்பிட்டால் போகலாமா? (கரூர் வாசகர்)

பதில்: தாராளமாக. தறி முன்வாசலில் இருக்கும், பில் போடுகிற மேஜை பின்வாசலில். நடுவே அவருக்குக் கமிஷன்.

கேள்வி: சேலை அசல்தான் என்று கண்டுபிடிப்பது எப்படி? கடையில் எல்லோரும் சத்தியம் செய்கிறார்களே! (மதுரை வாசகி)

பதில்: சத்தியத்தை விடுங்கள், விரலை நம்புங்கள். உடலும் முந்தியும் வேறு நிறமாக இருந்தால், முந்தி தொடங்கும் இடத்தைத் தடவிப் பாருங்கள். பெட்னி போட்ட சேலையில் குறுக்காக ஒரு தடித்த வரி தட்டுப்படும். உடல் பாவின் இழைகளோடு முந்திப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, பழைய பாவை வெட்டியெடுத்த தடம் அது. கோர்வையாக இருந்தால், சேலையைப் புரட்டினால் கரை ஓரத்தில் இணைப்புத் தெரியும். இவை இல்லாத நல்ல பட்டும் உண்டு. ஆனால் கோர்வைக்கான விலையைக் கேட்டால் கோர்வை எங்கே என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

அசல் ஜரிகை என்பது சிவப்புப் பட்டு நூலின்மேல் தட்டையான வெள்ளிக் கம்பியைச் சுற்றி, தங்கமுலாம் பூசியது. ஓரத்தில் ஒரு இழையைச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு தெரியவேண்டும். சில்க் மார்க் முத்திரை பட்டு என்பதற்குத்தான் உத்தரவாதம். ஜரிகையைப் பற்றி அது வாய் திறக்காது. எல்லாவற்றுக்கும் மேலாகப் பில் வாங்குங்கள், ஜரிகை அசலா இமிடேஷனா என்று அதில் எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் விடை கிடைத்துவிட்டது.

கேள்வி: என் மாமியாருக்கு அத்தி வரதரைப் பார்க்கவேண்டுமாம். எப்போது அழைத்துப் போகலாம்? (திருச்சி மருமகள்)

பதில்: 2059-ல். 1979, 2019 என்று நாற்பது வருடத்துக்கு ஒருமுறைதான் வரதராஜர் கோயில் குளத்திலிருந்து எழுந்தருளுகிறார். போன தடவை 48 நாள் தரிசனத்துக்கே ஊர் தாங்கவில்லை. அதுவரை மூலவர் வரதர் 24 படி ஏறினால் தினமும் தரிசனம் தருகிறார். மாமியாருக்கு முழங்கால் வலி இருந்தால் படிகளைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பழி உங்கள்மேல் விழாது.

கேள்வி: காஞ்சிபுரம் இட்லி எங்கள் தெரு ஹோட்டலிலேயே கிடைக்கிறதே? (கோவை வாசகர்)

பதில்: கேரட்டும் முந்திரியும் தூவி வருமே, அதுவா? வரதர் கோயில் இட்லி மூங்கில் குடலையில் மந்தாரை இலை சுற்றி, மணிக்கணக்கில் வேகிறது. உருண்டு நீண்ட அதை வெட்டித்தான் தருவார்கள். மிளகு, சீரகம், சுக்கு, நெய் எல்லாம் உண்டு. சட்னி கேட்காதீர்கள், முறைப்பார்கள்.

கேள்வி: பசங்களுக்குக் கோயில் என்றாலே போர்! (மறைமலைநகர் அப்பா)

பதில்: வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குக் கூட்டிப் போங்கள். பிராகாரச் சுவர் முழுக்கப் பல்லவர் கதை, காமிக்ஸ் மாதிரி கட்டம் கட்டமாக. வாரிசில்லாமல் ராஜா இறந்துபோக, ஆட்கள் தேடிப்போய் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனைக் கூட்டிவந்து முடிசூட்டுகிறார்கள். அவன்தான் பின்னாளில் இந்தக் கோயிலைக் கட்டிய நந்திவர்மன். கதையைச் சொல்லிவிட்டு, அந்தப் பையனைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ரயிலா, பஸ்ஸா? (எழும்பூர் வாசகர்)

பதில்: அவசரமென்றால் பஸ். ரயில் செங்கல்பட்டைச் சுற்றிக்கொண்டு வரும். ஜன்னலோரம் கிடைத்தால் அதுவும் நஷ்டமில்லை. திரும்பும் ரயில் நேரத்தை மட்டும் போகும்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் காஞ்சிபுரத்துக்காரன். வருகிற சொந்தக்காரர்கள் எல்லோரும் "உனக்குத் தெரிஞ்ச கடையில டிஸ்கவுண்ட் வாங்கிக்கொடு" என்கிறார்கள். தப்பிக்க வழி?

பதில்: திருப்பருத்திக்குன்றத்துக்கு அழைத்துப் போங்கள். சமணக் கோயில், 1387 வாக்கில் விஜயநகர அதிகாரி இருகப்பர் கட்டிய சங்கீத மண்டபம், தலைக்குமேல் தீர்த்தங்கரர் கதை ஓவியங்கள். ஒரு மணி நேரம் அண்ணாந்து பார்த்தபின் கழுத்து வலியில் கடையை மறந்துவிடுவார்கள். மறக்காதவர்களை அண்ணா வாழ்ந்த வீட்டுக்குக் கூட்டிப் போங்கள். அப்படியும் மறக்காதவர்களுக்கு நீங்களே ஒரு சேலை எடுத்துக் கொடுத்துவிடுங்கள், வேறு வழியில்லை.