கேளுங்கள், காது கொடுக்கிறேன்!

கேள்வி: காது என்றால் மடலும் துளையும்தானே? உள்ளே அப்படி என்ன இருக்கிறது?

பதில்: மடல் சத்தத்தைத் திரட்டி உள்ளே அனுப்பும், கம்மலுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் இடம் கொடுக்கும். கேட்கும் வேலை நடப்பதோ, மண்டையோட்டின் மிகக் கெட்டியான எலும்புக்குள் பத்திரமாக இருக்கும் காக்லியாவில். நத்தை ஓட்டைப் போல ஏறக்குறைய இரண்டரைச் சுற்று சுற்றிய, திரவம் நிறைந்த குழாய் அது. நீட்டிவைத்தால் சுமார் 35 மில்லிமீட்டர். பிறக்கும்போதே முழு அளவில் இருக்கும். வளர வளரச் செருப்பு மாற்றுகிறோம், காக்லியா அதேதான்.

கேள்வி: நடுவில் மூன்று எலும்புகள் எதற்கு? சத்தம் நேராக உள்ளே போகக் கூடாதா?

பதில்: போகாது. கிணற்றில் முங்கியிருக்கும்போது கரையில் இருந்து அம்மா கூப்பிட்டால் உங்களுக்குக் கேட்கிறதா? காற்றில் வரும் ஒலியில் 99.9 சதவீதம் தண்ணீரில் பட்டதும் திரும்பிவிடும். காக்லியாவுக்குள்ளும் திரவம்தான். அதனால் செவிப்பறையின் அதிர்வைச் சுத்தி, பட்டடை, அங்கவடி எலும்புகள் வாங்கி, செவிப்பறையைவிடச் சுமார் 17 மடங்கு சிறிய ஒரு ஜன்னலில் அழுத்துகின்றன. இடம் குறைந்தால் அழுத்தம் கூடும். இத்தனையும் செய்து முடிக்கும் அங்கவடியின் உயரம் 3 மில்லிமீட்டர். உடம்பிலேயே குட்டி எலும்பு அதுதான்!

கேள்வி: கல்யாண வீட்டில் நாகஸ்வரமும் தவிலும் சேர்ந்து முழங்குகின்றன. காது எப்படிப் பிரித்து அறிகிறது?

பதில்: காக்லியாவின் நீளத்துக்கும் ஒரு சவ்வு ஓடுகிறது. வாசல் பக்கம் குறுகலாக, விறைப்பாக இருக்கும். உள்ளே போகப் போக அகன்று தளரும். ஒலி இதில் அலையாக ஓடும். கீச்சென்ற சுருதி வாசலுக்கு அருகிலேயே உச்சம் தொட்டு அடங்கிவிடும். கனத்த சுருதி சுருளின் நுனிவரை போகும். தவிலின் தொப்பிப் பக்கத்தில் விழும் அடி உள்ளே தொலைவில் ஆட, நாகஸ்வரத்தின் கூர்மையான நாதம் அதைவிட வாசலுக்குப் பக்கத்தில் ஆடும். எந்த இடம் ஆடியது என்பதை வைத்து மூளை சுருதியைக் கண்டுகொள்கிறது. ஹங்கேரியில் தொலைபேசி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த கியார்க் ஃபான் பெக்கேஷி, இறந்தவர்களின் காக்லியாவில் இந்த அலையை நுண்ணோக்கியால் பார்த்தார். 1961இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

கேள்வி: சவ்வு ஆடினால் மூளைக்கு எப்படித் தெரியும்?

பதில்: சவ்வின் மேல் உரோமச் செல்கள் வரிசைகட்டி நிற்கின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் மெல்லிய இழைக்கொத்து. பக்கத்துப் பக்கத்து இழைகளை நுனியில் ஒரு நூல் இணைத்திருக்கும். கொத்து சாய்ந்தால் நூல் இழுபடும், ஒரு கதவு திறக்கும், பொட்டாசியம் உள்ளே பாயும், நரம்புக்குச் செய்தி போகும். உள்வரிசையில் உள்ள சுமார் 3,500 செல்கள் செய்தி அனுப்புகின்றன. வெளிப்பக்கத்து மூன்று வரிசைகளில் சுமார் 12,000 செல்கள். இவை தாமே நீண்டு சுருங்கி மெல்லிய ஒலியைப் பெருக்கிக் கொடுக்கின்றன. இந்த ஆட்டத்தால் காதே ஒரு மெல்லிய ஒலியை வெளியே விடுகிறது! லண்டனில் டேவிட் கெம்ப் 1978இல் அதைப் பதிவு செய்து காட்டினார். பிறந்த குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று இன்று இந்த ஒலியை வைத்தும் சோதிக்கிறார்கள். தூங்கும் குழந்தையை எழுப்பாமலே பதில் வாங்கிவிடலாம்.

கேள்வி: தாத்தா "சத்தம் கேக்குது, பேச்சு புரியலை" என்கிறார். வேண்டுமென்றே சொல்கிறாரா?

பதில்: உண்மையைத்தான் சொல்கிறார். வயதாகும்போது முதலில் தேய்வது வாசல் பக்கத்துச் செல்கள். அதாவது உயர்ந்த சுருதிக்குரியவை. 'ஆ', 'ஓ' கேட்கும். 'ச', 'த' நழுவும். 'சட்டை'யும் 'தட்டை'யும் ஒன்றாகும். கத்திப் பயனில்லை. முகம் பார்த்து, நிதானமாக, தெளிவாகப் பேசுங்கள். காதுப் பரிசோதனைக்கும் அழைத்துப் போங்கள்.

கேள்வி: போன செல்கள் திரும்ப முளைக்காதா?

பதில்: கோழிக்கு முளைக்கும், நமக்கு முளைக்காது. பிறக்கும்போது கொண்டுவந்ததுதான் கடைசிவரை. 85 டெசிபல் சத்தத்தில் 8 மணி நேரம்வரை இருக்கலாம் என்பது தொழிலிடங்களில் பின்பற்றப்படும் ஒரு வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம்தான். திருவிழாவில் ஒலிபெருக்கிப் பெட்டிக்கு முன்னால் பிள்ளையைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு நிற்காதீர்கள். ஹெட்ஃபோனில் ஒலியைக் குறையுங்கள். வீடு திரும்பிய பிறகும் காதில் 'ஙொய்' என்று இரைந்தால், செல்கள் அடிபட்டிருக்கின்றன என்று அர்த்தம். அடுத்த முறை தள்ளி நில்லுங்கள், காதடைப்பான் போடுங்கள். பல்லுக்கு மாற்றுப்பல் உண்டு; போன உரோமச் செல்லை மீட்க இன்றுவரை வழி இல்லை.