கரண்ட் வந்ததும் கேர்னலுக்கு மறதி வந்தது

கல்முனையில் கரண்ட் போனால் ஏச்சு மின்சார சபைக்கு. திரும்பி வந்தால் ஏச்சு முழுக்க, பின்னறையில் ஃபயர்வோல் சேர்வரைப் பார்த்துக்கொள்ளும் பொடியனுக்கு. "நேத்து ஓடின நெட் இண்டைக்கு ஏன் தம்பி இழுக்குது?" அவன் நேற்று லினக்ஸ் கேர்னலிடம் சொன்னதெல்லாம் மெமரியில் இருந்தது, காக்கா. மெமரி கரண்டோடு போய்விட்டது.

இந்த மறதிக்கு ஒரு ராஜவம்சமே உண்டு. லினக்ஸ் 2.0 வந்த 1996இல் ஃபயர்வோலில் ஐபிஎஃப்டபிள்யூஅட்மின் ஆட்சி. 1999இல் 2.2 கேர்னலோடு ஐபிசெயின்ஸ் முடிசூடியது. அதை எழுதிய ஆஸ்திரேலியர் ரஸ்டி ரசல் அத்தோடு விடாமல் நெட்ஃபில்ட்டரைத் தொடங்க, 2001 ஜனவரியில் 2.4 கேர்னலோடு ஐபிடேபிள்ஸ் அரியணை ஏறியது. 2014இல் என்எஃப்டேபிள்ஸ் வந்து வாசலில் நிற்கிறது. பழைய ராசாவோ இன்னும் பாயைச் சுருட்டவில்லை.

ராசாக்கள் மாறிய கதையை விடுங்கள், கணக்குப்பிள்ளைகள் செய்த கூத்துத்தான் கூத்து. கேர்னல் மொடியூல்களுக்கான அமைப்புகளை எழுதி வைக்க முதலில் கொன்ஃப்.மொடியூல்ஸ் என்றொரு கோப்பு. பிறகு யாரோ பெரிய மூளை அந்தப் பெயரைத் தலைகீழாக்கி மொடியூல்ஸ்.கொன்ஃப் ஆக்கியது. 2.6 கேர்னல் காலத்தில் அது மொட்புரோப்.கொன்ஃப். பிறகு அதுவும் போதாதென்று மொட்புரோப்.டி என ஒரு கோப்புறையே.

அதில் எழுதினால் தீர்ந்ததா? இல்லை. கனெக்ஷன்களைக் கணக்கு வைக்கும் கொன்ட்ராக் மொடியூல் ஏறும்போது ஹேஷ் அளவு எவ்வளவு என்பதை மட்டுமே அது சொல்லும்; மொடியூலை ஏற்றாது. ஏற்றுவதற்கு மொடியூல்ஸ்-லோட்.டியில் இன்னொரு சீட்டு. கனெக்ஷன் உச்சவரம்புக்கு சிஸ்கன்ட்ரோல்.டியில் மூன்றாவது சீட்டு. சேர்வரை எழுப்பும் சிஸ்டம்டி முதலில் மொடியூலை ஏற்றி, அப்புறம்தான் சிஸ்கன்ட்ரோலை வாசிக்கும், ஒழுங்கான ஆள்தான். ஆனால் இரண்டாவது சீட்டை எழுத மறந்தால், உச்சவரம்பு வைக்கப் போகும் நேரத்தில் அப்படியொரு இடமே இருக்காது. லொக்கில் ஒரு வரியை முணுமுணுத்துவிட்டு சிஸ்டம்டி போய்விடும். பிறகு ஃபயர்வோல் விதிகள் எழும்பி கொன்ட்ராக்கைத் தாமாக இழுத்து வரும், பழைய வரம்போடு. மத்தியானம் கூட்டம் ஏறியதும் அட்டவணை நிரம்பி, புதுக் கனெக்ஷன்கள் வாசலிலேயே விழும்.

பக்கத்துச் சாய்ந்தமருதுக்கு நகர சபை என்று 2020 பெப்ரவரியில் வர்த்தமானி வந்தது, வெடியும் போட்டாச்சு, அதே மாதத்திலேயே அதை நிறுத்தியும் வைத்தார்கள். மூன்றாவது சீட்டின் கதியும் அதேதான்.

நம் நாட்டில் இதைச் சோதித்துப் பார்க்க ஆளுக்குப் பஞ்சமில்லை. 2020 ஓகஸ்டிலும் 2021 டிசம்பரிலும் முழு நாடும் இருண்டது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியால வெட்டு. எந்த யூபிஎஸ் தாங்கும்? உச்சமாக 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு. அமைச்சரே சொன்ன காரணம் அது. ரஸ்டி ரசலையும் சிஸ்டம்டியையும் அறியாத அந்தச் சீவன் ஒரே தாவலில் இலங்கை முழுக்க ரீபூட் கொடுத்தது.

அதே சோதனையை ஜும்ஆ நேரத்தில், கடை சாத்தியிருக்கும்போது நாமே செய்யலாம். ரீபூட் கொடுத்துவிட்டு சிஸ்கன்ட்ரோலிடம் உச்சவரம்பைக் கேளுங்கள். 262144 என்று எழுதி வைத்திருந்தும் வேறொரு எண் வந்தால், முதலில் இரண்டாவது சீட்டைத் தேடுங்கள்.