சுற்றலியல்: ஓர் ஆய்வு முன்னோட்டம்

பிரவுசரில் ஓடும் வீடியோ நின்று வட்டம் சுற்றுவதன் காரணங்களை ஆராயுமுன், அப்போது வீடுகளில் கைக்கொள்ளப்படும் வைத்திய மரபுகளை வகைப்படுத்திக்கொள்வது முறை. அவை மூன்று: நிறுத்திவைப்போர், கழற்றிமாட்டுவோர், சும்மா இருப்போர். ரிஃப்ரெஷ் அடிப்போரை நான்காவதாகச் சேர்க்க வேண்டும் என்பாரும் உளர். அது பொறுமையின்மையே அன்றி மரபாகாது என்பதால் விடுத்தோம்.

இவற்றுள் நிறுத்திவைப்போர் மரபே தொன்மையானது. "பாஸ் பண்ணி வை, கொஞ்சம் ஏறட்டும்" என்பது இதன் மூல சூத்திரம். அருளியவர் மூத்த மாப்பிள்ளை என்பர். சித்தப்பா என்று பாடபேதமும் உண்டு. இதை வெறும் சடங்கு என்று தள்ளிவிட முடியாது. யூடியூப் 2005-இல் தோன்றியபோது வீடியோ ஃபிளாஷ் பிளேயரில் ஓடியது. கோப்பு முதலிலிருந்து கடைசிவரை தொடர்ச்சியாக இறங்கும். பாஸ் செய்தாலும் இறங்குவது நிற்காது. அடியில் உள்ள வெளிறிய கோடு வலது ஓரத்தைத் தொட்டுவிட்டால், பிறகு நெட்டையே பிடுங்கினாலும் படம் ஓடும். அக்காலத்தில் பாஸ் பட்டன் மெய்யான மருந்து.

பின்னர் நிலைமை மாறிற்று. டாஷ் என்னும் முறை 2012-இல் சர்வதேசத் தரமாக வெளியானது. யூடியூபும் அவ்வழிக்கு வந்தது. வீடியோவைச் சில விநாடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் 144, 360, 720 என்று பல தரங்களில் வைத்திருப்பார்கள். நெட்டின் வேகத்தைப் பார்த்து, அடுத்த துண்டை எந்தத் தரத்தில் கேட்பது என்று பிளேயர் முடிவு செய்யும். முன்கூட்டிச் சேர்ப்பதும் கொஞ்ச தூரத்துக்குத்தான். பாதியில் எழுந்து போகிறவருக்கு முழுப் படத்தையும் அனுப்பி வைப்பானேன்? ஆகவே இன்று அரை மணி நேரம் பாஸ் செய்து காத்திருந்தாலும் கோடு ஓரளவுக்கு மேல் நகராது. ஃபிளாஷே 2020 டிசம்பர் 31-உடன் காலமாகிவிட்டது. சூத்திரம் மட்டும் இன்றும் ஓதப்படுகிறது.

கள ஆய்வில் இன்னொன்றும் தெரியவந்தது. பாஸ் செய்தவர் சும்மா உட்காருவதில்லை. சமையலறைக்குப் போய், ஆறிப்போன காபியை மைக்ரோவேவில் வைக்கிறார். அந்த அடுப்பு இயங்குவது ஏறக்குறைய 2.45 கிகாஹெர்ட்ஸில், பல வீடுகளின் வைஃபையும் அதே 2.4 அலைவரிசையில்தான். அடுப்பிலிருந்து கசியும் துளி அலையே பக்கத்தில் இருக்கும் வைஃபையைக் குழப்பப் போதும். வட்டம் மேலும் சுற்றுகிறது. காபியோடு திரும்பியவர், "இன்னுமா ஏறல?" என்று கேட்டுவிட்டு மறுபடி பாஸ் செய்கிறார்.

கழற்றிமாட்டுவோருக்கு எல்லாப் பழியும் நெட்டுக்கே. ரௌட்டரின் வயரைப் பிடுங்கி, மனதுக்குள் பத்து எண்ணி, மறுபடி செருகுவார்கள். இவர்களை மறுக்கும் சான்று யூடியூபிலேயே கிடக்கிறது. படத்தின் மேல் ரைட் கிளிக் செய்து 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' என்பதைத் திறந்தால், 'பஃபர் ஹெல்த்' என்ற வரி எத்தனை விநாடி கையிருப்பு என்று காட்டும். அது பூஜ்யத்தை ஒட்டிக் கிடந்தால் படம் வந்து சேரவில்லை என்று பொருள், ரௌட்டர்மீது ஐயப்படலாம். கையிருப்பு தாராளமாக இருந்தும் படம் வெட்டி வெட்டி ஓடி, 'டிராப்டு ஃபிரேம்ஸ்' எண்ணும் ஏறிக்கொண்டே போனால், குற்றம் கணினியுடையது. விபி9, ஏவி1 போன்ற கோடெக்குகளைப் பிரிக்கும் வசதி பழைய கிராபிக்ஸ் சிப்புகளில் இல்லை. முழு வேலையும் பிராசசர் தலையில் விழுகிறது. லேப்டாப் ஃபேன் கதறுவது அதனால்தான். பாவம், ரௌட்டர் என்ன செய்யும்?

குரல் மட்டும் வந்து படம் கறுத்தோ பச்சை பூத்தோ நிற்பது தனி வகை. பெரும்பாலும் கிராபிக்ஸ் டிரைவர் சொதப்பியிருக்கும்; செட்டிங்ஸில் ஹார்டுவேர் ஆக்ஸிலரேஷனை அணைத்து பிரவுசரை மூடித் திறந்தால் பல சமயம் தெளியும். எக்ஸ்டென்ஷன் எதுவும் குறுக்கே நிற்கிறதா என்றறிய, வீடியோவை இன்காக்னிட்டோவில் திறந்து பார்க்கலாம். நாமாக அனுமதித்தால் ஒழிய எக்ஸ்டென்ஷன்கள் அங்கே வருவதில்லை. இத்துறையில் சோதனை என்று சொல்லத்தக்கது இது ஒன்றே. ஆனால் பிள்ளைகள் எதிரில் அந்தக் கறுப்பு விண்டோவைத் திறக்க அப்பாக்கள் கூசுவதால், நம் வீடுகளில் பரவவில்லை.

எஞ்சியது சும்மா இருப்போர் மரபு. இதன் தலைவி பாட்டி. "யாரும் எதையும் தொடாதீங்க, தானா வரும்" என்பது அவர் கொள்கை. ஆய்வாளன் சங்கடப்படும் இடம் இது. ஏனெனில் பல நேரம் தானாகத்தான் வருகிறது. நெட் தொய்ந்ததும் பிளேயர் 720-ஐ விட்டு 240-க்கு இறங்கி, சன்னமான துண்டுகளைக் கேட்டு வாங்கி ஓட்டத் தொடங்குகிறது. சீரியலில் மாமியார் முகமும் மருமகள் முகமும் ஒன்றுபோல் கலங்கித் தெரிகின்றன. பாட்டி அதைப் பொருட்படுத்தவில்லை; குரலை வைத்தே ஆளைப் பிரித்து, தப்பு யார்மேல் என்று விளம்பரம் வருமுன் தீர்ப்பும் சொல்லிவிட்டார்.