நம்பகப் பயணியும் நம்பப்படாத பெட்டியும்

நம் பல்கலைக்கழகங்களில் எதைப் பற்றியும் முனைவர் பட்ட ஆய்வேடு கிடைக்கும். அமெரிக்க விமான நிலையத்தில் வரிசையைத் தாண்டிப் போவது எப்படி என்பது பற்றி மட்டும் எந்த நூலகத்திலும் கண்டதில்லை. வாட்ஸ்அப் குழுக்களில் தரவுகள் கொட்டிக் கிடக்கின்றன, தொகுப்பார்தாம் இல்லை. அக்குறையைக் களைவதே இவ்வாய்வின் நோக்கம்.

அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை நடத்தும் நம்பகப் பயணித் திட்டங்களே இவ்வாய்வின் எல்லை. கருதுகோள் வருமாறு: நம்பகப் பயணி மிச்சம் பிடிக்கும் நேரம் அழிவதில்லை, இடம் மட்டுமே மாறுகிறது. இது பின்வரும் பக்கங்களில் நிறுவப்படும். நிறுவப்படாவிட்டாலும் ஆய்வேடு ஏற்கப்படும் என்பது நாம் அறிந்த மரபு.

முதலில் வரையறை. அரசு உங்களைப் பற்றி முன்கூட்டியே விசாரித்து, ‘இந்த ஆள் பரவாயில்லை’ என்று முடிவுக்கு வந்து, அந்த முடிவை உங்களுக்கே விலைக்கு விற்பது நம்பகப் பயணித் திட்டம் எனப்படும். இந்நம்பிக்கையின் ஆயுள் 5 ஆண்டு. அதன் பிறகு நீங்கள் மறுபடியும் யாரோ ஒருவர்.

முன்னாய்வு என்று சொல்லத்தக்கது ஒன்றே உண்டு. இத்திட்டங்களைத் திருப்பதியின் முந்நூறு ரூபாய் தரிசனத்தோடு ஒப்பிடும் வழக்கம் அமெரிக்கத் தமிழரிடையே பரவலாக இருக்கிறது. ஒப்புமை மேலோட்டமானது. திருப்பதியில் காசு கட்டியவரிடம் பெருமாள் கடந்த ஐந்தாண்டு முகவரிகளைக் கேட்பதில்லை.

இனி வகைகள். வெளிநாட்டிலிருந்து அமெரிக்காவுக்குள் நுழையும்போது இமிக்ரேஷன் வரிசையைத் தவிர்க்க உதவுவது குளோபல் என்ட்ரி. 2008-ல் சோதனை முயற்சியாகத் தொடங்கியது. 100 டாலராக இருந்த கட்டணம் 2024 அக்டோபர் முதல் 120 டாலர். பெற்றோர் உறுப்பினராக இருந்தால் 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் விண்ணப்பம் உண்டு, கைக்குழந்தைக்கும் உண்டு. தவழும் பிள்ளையைத் தனியாக ஆராய்ந்து நல்லவர் என்று சான்று தரும் அரசு வேறு எங்கும் இருக்கிறதா என்பது தனி ஆய்வுக்குரியது.

புறப்படும்போது செக்யூரிட்டி வரிசையைச் சுருக்குவது 2011-ல் வந்த டிஎஸ்ஏ ப்ரீசெக். லேப்டாப்பை வெளியே எடுக்க வேண்டாம், பெல்ட்டைக் கழற்ற வேண்டாம், ஷூவைக் கழற்ற வேண்டாம் என்பன இதன் மூன்று பெரும் பேறுகள். இவற்றுள் மூன்றாவது பேறு அண்மையில் பறிபோனது. 2001 டிசம்பரில் ஒருவன் ஷூவுக்குள் வெடிமருந்தோடு பாரிஸிலிருந்து மயாமிக்குப் பறந்தான்; அதன் விளைவாக 2006 முதல் ஊரே ஷூவைக் கழற்றியது. 2025 ஜூலையில் அந்த விதி நீங்கியது. இப்போது காசு கட்டாதவரும் ஷூவோடு நடக்கிறார். ப்ரீசெக் உறுப்பினர்கள் அவரைப் பார்க்கும் பார்வையில் ஒரு வருத்தம் தெரிகிறது. ஓட்டை சாக்ஸுக்கு அஞ்சிக் கட்டணம் கட்டியவர்கள் இழப்பீடு கேட்டதாகச் செய்தி இல்லை.

இங்கே ஒரு நுட்பம் நோக்கத்தக்கது. ப்ரீசெக் அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு பெற்றவர்களுக்கும் உரியது. வேலை விசாவில் இருக்கும் இந்தியர் அதற்கு நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. ஆனால் 2017 முதல் இந்தியக் குடிமக்கள் குளோபல் என்ட்ரிக்கு விண்ணப்பிக்கலாம். அது கிடைத்தால் ப்ரீசெக் அதற்குள்ளேயே அடக்கம். சின்னதைக் கேட்டால் தகுதியில்லை என்பார்கள், பெரியதைக் கேட்டால் சின்னதையும் சேர்த்துத் தருவார்கள். கிரீன் கார்டு வரிசையில் ஆண்டுக்கணக்காக நிற்கும் ஒருவருக்கு அமெரிக்க அரசு சுருக்கித் தரும் ஒரே வரிசை இதுதான்.

மெக்சிகோ எல்லைக்குச் சென்ட்ரி, சரக்கு லாரி ஓட்டுநர்க்கு ஃபாஸ்ட். இவை நம் எல்லைக்கு வெளியே. கனடா எல்லைக்கான நெக்ஸஸ் அப்படியல்ல. டொரண்டோ தமிழர்களால் அது நம் ஆய்வுக்குள் வந்துவிடுகிறது. குளோபல் என்ட்ரியும் ப்ரீசெக்கும் இதற்குள்ளேயே அடங்கும். 50 டாலருக்குக் கிடைத்துவந்த இதுவும் 2024 அக்டோபரில் 120 ஆயிற்று. இரண்டு அரசுகளும் உங்களை நல்லவர் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். பஃபலோ பாலத்தில் நெக்ஸஸ் பாதையில் காரை விட வேண்டுமானால், காருக்குள் இருக்கும் ஒவ்வொருவரும் உறுப்பினராக இருக்க வேண்டும் என்பது விதி. ஸ்கார்பரோவைச் சேர்ந்த தகவலாளர் ஒருவர் இதை விளக்கினார்: “அம்மாட்ட கார்ட் இல்லை. அம்மாவை விட்டிட்டுக் கலியாணத்துக்குப் போகேலாது. அப்ப எங்கட கார்டுகளும் சும்மா கிடக்குது.” கருதுகோளுக்குக் கிடைத்த முதல் சான்றாக இது பதிவு செய்யப்படுகிறது.

விண்ணப்பத்துக்கு வருவோம். கடந்த 5 ஆண்டில் எங்கெங்கே குடியிருந்தீர்கள், எங்கெங்கே வேலை பார்த்தீர்கள், எந்தெந்த நாட்டுக்குப் போனீர்கள் என்று இடைவெளி விடாமல் எழுத வேண்டும். ஒரே ஊரில் வேரூன்றியவருக்கு இது காபி ஆறுவதற்குள் முடியும். கன்சல்டிங் வேலையில் எடிசன், பிளேனோ, ஷார்லட் என்று பெட்டியைத் தூக்கியவருக்கோ, தம் ஐந்தாண்டு வரலாற்றை எழுதுவது சங்கப் புலவர் ஒருவரின் காலத்தைக் கணிப்பதை விடக் கடினம். பழைய மின் கட்டண ரசீதுகள் முதன்மைச் சான்றுகள். மனைவியின் நினைவாற்றல் துணைமைச் சான்று. இரண்டும் முரண்படும் இடங்களில் துணைமைச் சான்றே கொள்ளப்படும்.

இந்தியக் கடவுச்சீட்டில் விண்ணப்பிப்பவரின் பின்புலத்தை இந்திய அரசும் சரிபார்க்க வேண்டும். பாஸ்போர்ட் சேவாவில் இதற்கென்றே ஒரு சேவை வைத்திருக்கிறார்கள். அது முடிந்து நிபந்தனை ஒப்புதல் வந்தால் நேர்காணல். நேர்காணலுக்கு நாள் கிடைப்பது பல நகரங்களில் தவம். வரிசையைத் தவிர்ப்பதற்கான வரிசையே நீளமானது. இதற்கு ஒரு மாற்று உண்டு. வெளிநாட்டிலிருந்து வந்திறங்கும்போதே, முன்பதிவு இல்லாமல், அங்கேயே நேர்காணலை முடித்துக்கொள்ளும் வசதி பல விமான நிலையங்களில் இருக்கிறது. ஊருக்குப் போகும் திட்டமுள்ளவர்கள் இதையே நாடுக என்பது ஆய்வாளரின் துணிபு. கேள்விகள் எளியவை: என்ன வேலை, ஏன் வேண்டும், எப்போதாவது கைதானதுண்டா. கடைசிக் கேள்விக்கு மட்டும் நகைச்சுவையாகப் பதில் சொல்லக் கூடாது.

எல்லாம் கைகூடிய பிறகு தமிழருக்கென்று தனியாக ஒரு சோதனை காத்திருக்கிறது. உங்களுக்கு ஓர் உறுப்பினர் எண் வரும். டிக்கெட் எடுக்கும்போது அதைக் கொடுத்தால்தான் போர்டிங் பாஸில் ப்ரீசெக் அடையாளம் விழும். டிக்கெட்டில் உள்ள பெயரும் திட்டத்தில் உள்ள பெயரும் பொருந்த வேண்டும். வெள்ளைக்காரருக்கு முன்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு பெட்டிகள். இரண்டையும் நிரப்பப் பிறந்தபோதே ஏற்பாடு ஆகிவிடுகிறது. நமக்கோ ஒரு பெயரும் ஓர் இனிஷியலும். இனிஷியல் விரிந்து அப்பாவின் பெயர் குடும்பப் பெயராகிறது. அன்று முதல் விமான நிலைய ஒலிபெருக்கிகள் காலமான அப்பாவையே கூப்பிடுகின்றன. குடும்பப் பெயர்க் கட்டத்தில் மட்டும் பெயரை எழுதியவர்களுக்கு அமெரிக்க விசாவில் முன்பெயர் ‘எஃப்என்யூ’ என்று விழுகிறது. முன்பெயர் தெரியவில்லை என்பது அதன் பொருள். பத்து விரல் ரேகையும் முகமும் அரசிடம் இருக்கின்றன. பெயர் மட்டும் தெரியவில்லையாம். ஏர்லைன்காரர் இந்த மூன்றெழுத்தைப் பெயரோடு ஒட்டியோ விட்டோ டிக்கெட் போடுவார். அதைப் பொறுத்தது உங்கள் நம்பகம். இத்தனை விசாரணையைத் தாங்கி நின்ற ஒருவர் ஓர் எழுத்து இடம் மாறியதால் சாதாரண வரிசைக்குத் திருப்பி அனுப்பப்படுவதை எந்த விமான நிலையத்திலும் காணலாம்.

நம்பகத்தை இழப்பது எப்படி என்பது பெறுவதைவிட முக்கியமான இயல். சுங்க விதி, குடியேற்ற விதி, வேளாண் விதி எதையாவது, எந்த நாட்டிலாவது மீறினால் தகுதி போகலாம். 2018-ல் டென்வரில் ஒரு பயணியின் பையில் ஓர் ஆப்பிள் அகப்பட்டது. விமானத்தில் கொடுத்ததுதான் என்றார் அவர். அபராதம் 500 டாலர், குளோபல் என்ட்ரிக்கும் ஆபத்து. ஆப்பிளுக்கே இந்தக் கதி என்றால், நம் அம்மாக்கள் ஈரத்துணியில் சுற்றி, செய்தித்தாளில் மடித்து, புடவைக்கு நடுவில் ஒளித்து அனுப்பும் கறிவேப்பிலைக்கு என்ன கதி? கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பத்துச் செடி. ஆரஞ்சு மரங்களை அழிக்கும் பசுமை நோயைப் பரப்பும் சிறு பூச்சிக்கு அது விருப்பமான தங்குமிடம். அந்தப் பூச்சி 1998-லும் நோய் 2005-லும் புளோரிடாவில் கண்டறியப்பட்டன. அங்கே ஆரஞ்சுத் தோட்டங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆகவே பச்சைக் கறிவேப்பிலைக்குத் தடை என்பதில் நியாயம் இருக்கிறது. பெட்டிகள் வரும் பெல்ட் அருகே உலவும் பீகிள் மோப்ப நாய்கள் 1984 முதல் இந்தப் பணியில் உள்ளன. அவை யாரிடமும் உறுப்பினர் எண் கேட்பதில்லை.

இனிக் கருதுகோளை நிறுவுவோம். குளோபல் என்ட்ரியில் இப்போது பாஸ்போர்ட்டைக்கூடப் பெரும்பாலும் நீட்ட வேண்டாம். கேமரா முன் நின்றால் முகம் போதும். சில நொடிகளில் நீங்கள் இமிக்ரேஷனைக் கடந்து பெல்ட் முன் நிற்கிறீர்கள். பெல்ட் நகரவில்லை. அரசு நம்பியது உயர்திணையை, சூட்கேஸ் அஃறிணை. தலைக்கு இரண்டு வீதம், 23 கிலோ வீதம், சிவப்பு ரிப்பன் கட்டிய அந்தப் பெட்டிகள் விமானத்தின் வயிற்றிலிருந்து தம் விருப்பப்படிதான் வரும். உங்களுக்குப் பின்னால் அரை மணி நேரம் வரிசையில் நின்று வந்தவரும் நீங்களும் ஒரே நேரத்தில் ஒரே பெல்ட் முன் நிற்கிறீர்கள். ஒரே வேறுபாடு, அவர் 120 டாலர் கட்டவில்லை.

அபுதாபி வழியாக வருபவர்க்கு நிலைமை இன்னும் நுட்பமானது. அமெரிக்க இமிக்ரேஷன் 2014 முதல் அபுதாபியிலேயே நடக்கிறது. அங்கே முந்திக்கொண்டு போனால், மற்ற எல்லோரும் வந்து சேரும்வரை கேட் அருகே உட்கார்ந்திருக்கலாம். குடும்பத்தோடு வருபவர்க்கு இத்தனை நுட்பமும் வேண்டாம். கணவருக்கு மட்டும் குளோபல் என்ட்ரி இருந்து, மனைவிக்கும் விசிட்டர் விசாவில் வந்த மாமியாருக்கும் இல்லையென்றால், அவர் முன்னே போய் என்ன செய்வார்? போகத்தான் முடியுமா? போனவர்களும் உண்டு. அதன் பின்விளைவுகள் இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டவை.

பொருளியல் நோக்கிலும் சிறிது சொல்லலாம். 120 டாலரை ஐந்தால் வகுத்தால் ஆண்டுக்கு 24. ஆண்டுக்கொரு முறை ஊருக்குப் போய் வருபவர் ஒரு நுழைவுக்கு 24 டாலர் தருகிறார். எடிசனில் அதற்கு இரண்டு மசால் தோசை வரலாம், டிப்ஸ் சேர்த்தால் வராது. பல கிரெடிட் கார்டுகள் இந்தக் கட்டணத்தைத் திருப்பித் தருகின்றன. அதன் விளைவாக எல்லோரிடமும் இது இருக்கிறது. ப்ரீசெக் உறுப்பினர் எண்ணிக்கை 2024-ல் 2 கோடியைத் தாண்டியது. சில பண்டங்கள் அடுத்தவரிடம் இல்லாத வரைதான் மதிப்புடையவை என்று பிரெட் ஹிர்ஷ் என்னும் பொருளியலாளர் 1976-லேயே எழுதினார். அவர் விமான நிலையத்தை மனத்தில் கொண்டிருக்க மாட்டார். ஆயினும் திங்கட்கிழமை காலை ப்ரீசெக் வரிசையைப் பார்ப்பவர் அவரை நினைக்காமல் இருக்க முடியாது. அந்த வரிசையையும் தாண்டிச் செல்ல ஆண்டுக்கு இருநூறு டாலரை ஒட்டி வாங்கிக்கொண்டு கிளியர் என்னும் தனியார் நிறுவனம் முகத்தைப் பார்த்து முன்னால் அழைத்துச் செல்கிறது. அமெரிக்கக் குடிமக்களும் கிரீன் கார்டுக்காரர்களும் திரும்பி வரும்போது பயன்படுத்த அரசே தரும் மொபைல் பாஸ்போர்ட் கன்ட்ரோல் என்ற செயலி இலவசம். பல சமயம் அதன் வரிசையும் சிறியதுதான். இலவசம் என்பதாலோ என்னவோ யாரும் அதைப் பற்றிப் பெருமை பேசுவதில்லை.

ஆய்வாளரின் தீர்ப்பு இது. வேலை நிமித்தம் தனியாக, கைப்பெட்டியோடு மட்டும் நாடு விட்டு நாடு பறப்பவர் குளோபல் என்ட்ரி எடுக்கலாம். அவருக்கு அது உண்மையிலேயே பயன்படும். டொரண்டோவிலோ பஃபலோவிலோ இருப்பவர் வீட்டில் எல்லோருக்கும் சேர்த்து நெக்ஸஸ் எடுக்க வேண்டும், அல்லது யாருக்கும் எடுக்க வேண்டாம். ஆண்டுக்கொரு முறை எட்டுப் பெட்டியோடு குடும்பமாகப் போய் வருபவர் அந்த 120 டாலருக்கு வேறு செலவு பார்க்கலாம்.

இந்தியப் பாஸ்போர்ட்டோ ஓசிஐ அட்டையோ வைத்திருப்பவர்க்கு ஒரு வேண்டுகோள். இந்திய அரசும் இதே போன்றதொரு நம்பகப் பயணித் திட்டத்தை 2024 ஜூன் மாதம் டெல்லியில் தொடங்கியது. 2025 ஜனவரி முதல் சென்னையிலும் செப்டம்பர் முதல் திருச்சியிலும் அது நடப்பில் உள்ளது. உள்துறை அமைச்சகத்தின் இணையதளத்தில் விண்ணப்பித்து, ஒருமுறை விரல் ரேகையும் படமும் கொடுத்தால் தானியங்கிக் கதவு வழியே இமிக்ரேஷனைக் கடக்கலாம். பாஸ்போர்ட்டுக்கு ஆறு மாதமாவது ஆயுள் இருக்க வேண்டும். இதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. ஆகவே முதலில் இதற்கு விண்ணப்பியுங்கள்.