மாடு இழுத்த ரயில், பித்தளைப் பலகை, பூசணிக்காய்

1877 ஜூலை 11 அன்று பூஞ்ஞாறு ராஜா, இன்றைய மூணாறு இருக்கும் கண்ணன் தேவன் மலையை ஜான் டேனியல் மன்றோ துரைக்குக் குத்தகைக்கு எழுதிக் கொடுத்தார். வருஷத்துக்கு 3,000 ரூபாய், பரப்பு சுமார் 227 சதுர மைல். பத்திரத்தில் யானைகள் கையெழுத்துப் போடவில்லை. அன்று முதல் துரைமாருக்குக் கால் தரையில் பாவவில்லை. குதிரை இருந்ததால் நிஜமாகவே பாவவில்லை.

தரையில் பாவிய கால்கள் தேயிலைத் தோட்ட வேலைக்காகக் கங்காணிகளோடு தமிழ்நாட்டுச் சமவெளியிலிருந்து மலையேறி வந்தவை. அட்டைகளுக்கு அந்தக் கால்களை நன்றாகத் தெரியும்.

1902-ல் துரைமார் குண்டளைப் பள்ளத்தாக்கில் ரயில் விட்டார்கள். ஒற்றைத் தண்டவாளம். எஞ்சின்? மாடு! வெள்ளைக்காரன் பெருமையைக் காளைகள் மூச்சு வாங்க இழுத்துப் போயின. 1908-ல் அசல் ரயிலே வந்தது. தேயிலை டாப் ஸ்டேஷன் வரை ரயிலில் போய், அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி தமிழ்நாட்டுப் பக்கம் கொட்டகுடிக்கு இறங்கியது.

கிறிஸ்தவக் கோவில் கதை வேறு. எல்லா ஊரிலும் கோவில் கட்டிய பிறகுதான் கல்லறை வரும். மூணாறில் கல்லறை முந்திக்கொண்டது. 1894 டிசம்பரில் ஹென்றி நைட் துரையின் இளம் மனைவி எலினார் காலராவில் இறந்தார். செத்தால் இந்தக் குன்றில்தான் புதைக்க வேண்டும் என்று அந்த அம்மாள் முன்பே சொல்லியிருந்ததாக ஊரில் சொல்வார்கள். குன்றின் அடிவாரத்தில் கோவிலுக்குக் கல் நாட்டியது 1910-ல்தான். 1911-ல் திறந்தார்கள். சுவரில் துரைமார் பெயர் பொறித்த பித்தளைப் பலகைகள் ஏறின. இயேசு சொன்ன கதையில் கோவிலுக்குப் போன இரண்டு பேரில், வாயார நன்றி சொன்னவன் பரிசேயன்தான். மற்றவர்களைப் போல் தான் இல்லாததற்கு நன்றி! ஆயக்காரனுக்கு நெஞ்சில் அடித்துக்கொள்ளவே நேரம் போதவில்லை. பித்தளையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு முதல் ஆள் ஞாபகம் வந்துவிடுகிறான்.

1924 ஜூலையில் மழை பிடித்தது. கொல்லம் ஆண்டு 1099 என்பதால் மலையாளிகள் இன்றும் அதைத் தொண்ணூற்றொன்பது வெள்ளம் என்கிறார்கள். ரயில் போயே போய்விட்டது. திரும்பக் கட்டவும் இல்லை. மாட்டு ரயிலாகவே விட்டிருந்தால் மாடாவது கரையேறியிருக்கும்.

பிறகு துரைமாரும் ஒவ்வொருவராகக் கப்பலேறினார்கள். கோவிலில் அவர்கள் உட்கார்ந்த பெஞ்சுகளில் இப்போது தமிழ் ஆராதனையும் நடக்கிறது. வாரமெல்லாம் கொழுந்து பறித்த கைகள் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டுகின்றன.

இதோடு தாழ்மை ஜெயித்துவிட்டது என்று முடித்தால் அது பொய். எங்கள் சி.எஸ்.ஐ. சபைகளில் அறுப்பின் பண்டிகை பார்த்தவர்களுக்குத் தெரியும். நன்றிக் காணிக்கையாக வந்த பூசணிக்காய் ஏலத்துக்கு வரும். சந்தையில் ஐம்பது ரூபாய்க் காய் ஆயிரத்தைத் தாண்டும். எடுத்தவர் அதைத் திரும்பக் கோவிலுக்கே கொடுப்பார். காய் மறுபடி ஏலமேறும். ஒவ்வொரு தடவையும் மைக்கில் பெயர் முழங்கும். பித்தளைக்குச் செலவு அதிகம், மைக் இலவசம்.

அபூர்வமாக ஒருவர் மேடைக்குப் போய், “ஐயா, என் பேர் சொல்ல வேண்டாம்” என்று ஏலம் விடுபவர் காதில் கிசுகிசுப்பார். ஐயாவும் அதை மதித்து, “பெயர் சொல்ல விரும்பாத ஒரு சகோதரர், இரண்டாயிரம்!” என்பார். சபை முழுக்கத் திரும்பி, பூசணிக்காயை மடியில் வைத்திருக்கிறவரைப் பார்க்கும்.